நடுவில் நின்றவள்

மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மூன்று பேராகப் படமெடுக்க வருகிற குடும்பங்களுக்கு நான்காவது ஆள் நான்தான். என் பெயர் ரமணி. மாடிப்படி ஓரத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். என் தலைக்கு மேலே லோகனின் ஸ்டூடியோ. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று மூன்று பேர் படியேறினால் போதும், கொஞ்ச நேரத்தில் மேலே ஜன்னல் திறக்கும்.

"ரமணிக்கா! ஒரு ஆளு கொறையுது, வாங்க!"

கட்டிக்கொண்டிருக்கும் மல்லிகையை ஈரத்துணியில் போட்டுவிட்டு ஓடுவேன். மூன்று பேராக நின்று படமெடுத்தால் நடுவில் நிற்கிறவர் சீக்கிரம் போய்விடுவார் என்று நம் ஜனங்களுக்கு ஒரு பயம். கணினியும் கையுமாக வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட இதைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு நான்காவது ஆளைத் தேடுகிறார்கள். அந்த ஆள் நான். ஒருமுறை ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டுக்குக் கல்யாண மாலை கொண்டுபோனேன். கூடத்துச் சுவரில் அந்த வீட்டு அப்பா, அம்மா, மகனோடு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்! புதிதாக வந்த மருமகள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம் ஆன்டி?" என்றாள். "பூப் பக்கத்துச் சொந்தம்மா" என்று சொல்லிவிட்டு மாலையைக் கொடுத்தேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது அந்தக் காலமெல்லாம். இப்போது சொல்லப்போவது சிரிப்பில்லை.

லோகன் காப்பார் பக்கத்து ஆள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே அவன் மாடி நிரம்பிவிடும். தீபாவளி முடிந்தால் கிறிஸ்துமஸ், அது முடிந்தால் பொங்கல். காலையில் முருகன் படத்துக்குச் சூடம் காட்டாமல் கேமராவைத் தொடமாட்டான். கிறிஸ்துவக் குடும்பங்கள் வரும் மாதத்தில் அவனே ஏணி போட்டு ஏறிக் காகித நட்சத்திரம் தொங்கவிடுவான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. "சிரிங்க" என்று சொல்லமாட்டான். எல்லாரையும் நிறுத்திவிட்டு, "கண்ண மூடிக்குங்க. ஒங்க சாமிய நெனச்சிக்குங்க. நான் சொல்றப்ப தெறங்க" என்பான். கண்ணைத் திறக்கிற நொடியில் எடுப்பான். சண்டை போட்டுக்கொண்டு படியேறின அண்ணன் தம்பிகள்கூட அந்தப் படத்தில் திருநீற்றோடு பளிச்சென்று இருப்பார்கள். சிலர் கண்ணைத் திறக்கும்போதே அழுதுவிடுவார்கள். அதையும் அவன் எடுத்துவிடுவான். அந்தப் படத்தைத்தான் அவர்கள் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்வார்கள்.

அவன் மனைவி உஷாராணிதான் அங்கே உண்மையான முதலாளி. வாயில் நாலு ஊசி, தோளில் சீப்பு செருகின பை. புடவை மடிப்பு கலைந்தால் மண்டி போட்டு உட்கார்ந்து எடுத்துவிடுவாள். பொட்டைச் சரி செய்வாள். ஆண்களைத்தான் ஒரு வழி பண்ணிவிடுவாள்.

"அங்கிள், மூச்ச இழுத்துப் புடிச்சீங்கன்னா மூஞ்சி செவந்துரும்லா. தொந்திய தொந்தியாவே விடுங்க. ஆன்டி சமையலு நல்லாருக்குன்னு ஊருக்குத் தெரியட்டும்."

மாடியே சிரிக்கும். கீழே மாலை கட்டுகிற எனக்கும் கேட்கும்.

இவ்வளவு பேரைப் படமெடுத்தவன் வீட்டில் ஒரு குடும்பப் படம் இல்லை. லோகன், உஷா, மகள் யுகேஸ்வரி. மூன்று பேர். அதுதான் காரணம். லோகன் சின்னப் பையனாக இருந்தபோது அவனும் அவன் அண்ணனும் அப்பாவும் தைப்பூசத்தில் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் நடுவில். அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் ஆற்றோடு போய்விட்டான். அவன் அம்மா அந்தப் படத்தை அடுப்பில் போட்டு எரித்ததை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அப்புறம் எந்தச் சாமி வந்து சொன்னால்தான் கேட்பான்?

உஷா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள்.

"நம்ம மூணு பேரும் ஒண்ணு எடுத்துக்கலாங்க."

"அடுத்த வருஷம் நாலு பேரா எடுக்கலாம்" என்பான்.

அந்த நான்காவது இரண்டு முறை வயிற்றிலேயே கலைந்தது. அதற்குப் பிறகும் அவன் வாய் பழக்கத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தடவை நான் உஷாவிடம், "ஏன்டி, நான் ஒருத்தி இருக்கேன்ல? நான் வந்து நிக்கிறேன்" என்றேன். "கோவிச்சிக்காதீங்கக்கா. ஒங்கள வச்சி எடுத்தா அது ஊரு படம். எங்க படம் எங்க படமாவே இருக்கட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நியாயம்தான்.

போன சித்திரையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆடியில், கட்டி ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். கீமோ கொடுத்ததில் இடுப்பு வரை கிடந்த முடி கொட்டிப்போயிற்று. ஐப்பசி பிறந்தபோது லோகனை டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் திரும்பி வந்து என் கடை முக்காலியில் உட்கார்ந்து, வாழைநாரைக் கிழித்துக்கொண்டே இருந்தான். அந்த வருடமும் கூட்டம் வந்தது. அவன் படமெடுத்தான். உஷா வீட்டில் படுத்திருந்தாள். முந்தானையைச் சரி செய்ய ஆளில்லாமல் எல்லாப் புடவையும் கோணலாகவே இருந்தது.

உஷாவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. புடவை வேண்டாம், கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம், அவள் கண் மூடுவதற்குள். அது ஒன்றுதான். லோகன் முடியாது என்றுவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! படியேறிப் போய்க் கேட்டேன்.

"ஏன்டா, அந்தப் பொண்ணு என்னா தங்கமா கேட்டா? ஒரு படம்டா!"

"அக்கா, சாமி ஏதாச்சும் கண்ணு தெறந்து பொழைக்க வச்சிச்சின்னா? நானே படத்த எடுத்து நானே கெடுத்துக்கவா?"

அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அவளுக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அப்படித்தான் படுத்து எழுந்தார்கள்.

தீபாவளியன்று மத்தியானம் நான் கடையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் யுகா காரை நிறுத்தி அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். பச்சைப் பட்டு. ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது, பின்னால் ஊசி குத்தியிருந்தார்கள். "பூ வையுங்கக்கா" என்றாள் உஷா. எங்கே வைக்க? தலையில் அப்போதுதான் அரை விரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. எத்தனையோ மணப்பெண்களுக்குப் பூ வைத்த எனக்கு அன்றைக்கு வழி தெரியவில்லை. இரண்டு கிளிப்பை வைத்து எப்படியோ நிறுத்தினேன். கார் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முள்ளம்பன்றிக்குக் கல்யாணமா?" என்றாள். படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

லோகன் அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தான். கேமராவை ஸ்டாண்டில் வைத்தான். டைமர் போடப் போனவனை உஷா தடுத்தாள்.

"டைமர் வச்சா நீங்க அதுமேலதான் கண்ணா இருப்பீங்க. அக்கா அமுக்கட்டும்."

இப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

லோகன் ஒரு நாற்காலியை ஓரத்தில் போட்டு உஷாவை உட்கார வைத்தான். பக்கத்தில் அவன் நின்றான். அவனுக்கு அந்தப் பக்கம் யுகா. நான் பட்டனில் விரல் வைத்தேன். உடனே யுகா நகர்ந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் புகுந்துகொண்டாள். லோகன் அவள் தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி நடுவில் வந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள்.

"என்னா இது, பஸ்ஸுல சீட்டுக்குச் சண்டை மாதிரி? ஒரு எடத்துல நில்லுங்களேன்!" என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் எனக்குப் புரிந்தது. நடுவில் நிற்பவர்தான் போவார் என்றால், அது நானாக இருக்கட்டும் என்று அப்பனும் மகளும் போட்டி போடுகிறார்கள். பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

உஷா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெதுவாக நடந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"உஷா, வேணாம்" என்றான் லோகன்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சி, சாண் போனா என்னா, மொழம் போனா என்னாங்க? நடுவுல நிக்கிறவங்கதான் போவணும்னா, நான் உசுரோட இருக்கறப்ப ஒங்க ரெண்டு பேரையும் அங்க நிக்க விட்டுருவேனா?"

யுகா அம்மாவின் வலது தோளில் கை வைத்தாள். லோகன் இடது தோளில் வைத்தான். அவள் எங்கேயும் போய்விடக் கூடாது என்று பிடித்து வைத்திருப்பது போல அழுத்திப் பிடித்திருந்தார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? அவன் சொல்வதையே நானும் சொன்னேன்.

"கண்ண மூடிக்குங்க. சாமிய நெனச்சிக்குங்க. ம், தெறங்க."

பெண்கள் இரண்டு பேரும் திறந்தார்கள். லோகன் திறக்கவில்லை. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஊரான் வீட்டு ஆளுங்களயெல்லாம் சந்தோசமா நிக்க வைக்கிறீங்க. எனக்காக ஒரே ஒரு தடவ தெறங்களேன்" என்றாள் உஷா.

திறந்தான். அவளைப் பார்த்தான். நான் அமுக்கினேன்.

அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தோம். மூச்சு வாங்கியது. அவனை அண்ணாந்து பார்த்து, "பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல" என்றாள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் போய்விட்டாள்.

அன்று காலையில் பத்திரிகையில் மரண அறிவிப்புக்கு ஒரு படம் வேண்டும், சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஊரையே படமெடுத்தவன் வீட்டில் உஷா தனியாக இருக்கிற ஒரு நல்ல படம் இல்லை. கைபேசியில் இருந்ததெல்லாம் பாதி முகம், யாருடைய முந்தானைக்கோ குனிந்த தலை. ஐசி அடையாள அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்தால் அவளே சண்டைக்கு வருவாள். கடைசியில் அந்த ஒரு படம்தான் இருந்தது.

லோகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தன்னை ஓரத்திலிருந்து வெட்டினான். மகளை வெட்டினான். நடுவில் பச்சைப் பட்டில் உஷா மட்டும் நின்றாள். இரண்டு தோளிலும் ஆளில்லாத இரண்டு கை. அந்தக் கைகளை அழிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். எத்தனை பேர் தோளிலிருந்து எத்தனை கைகளை அழித்தவன்! விவாகரத்தானவர்களின் கையையெல்லாம் தடம் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கைய அழிக்காதீங்கப்பா" என்றாள் யுகா.

அவன் அழிக்கவில்லை. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

துக்க வீட்டில் வாய் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "மூணு பேரா நின்னு எடுத்தாங்களாம். அவதான் நடுவுலயாம்." "அந்தப் பூக்காரிதான் அமுக்குனாளாம்." என் காதுபடவே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சித்திரையில வந்த சீக்குக்கு ஐப்பசியில எடுத்த படமா காரணம்? அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன். சாவு வீடு என்றும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, லோகன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் கட்டி வந்த சம்பங்கி மாலையைப் படத்துக்குப் போடப் போனேன். சுங்கை வேயிலிருந்து வந்திருந்த லோகனின் சித்தி நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட கடவுளே, உசுரோட இருக்கறவங்க கைடி அது! அதுக்கு மேல மாலையப் போட்டா, இந்த வீட்டுல அடுத்தது யாரு? மொதல்ல வேற படம் வைங்க."

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது நம் எல்லாருக்கும் உள்ள பயம்தான். எனக்கே ஒரு கணம் கை நின்றுவிட்டது. லோகனைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு அவ்வளவு பயந்தவன். வாழ்நாள் பூராவும் மூன்று பேரைக் கண்டால் ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டவன்.

"போடுங்கக்கா" என்றான்.

போட்டேன். தடித்த மாலை. இரண்டு தோளும் மறைந்துபோயின. அவன் பக்கத்தில் வந்து, மாலையை இரண்டு பக்கமும் கொஞ்சம் விலக்கி, இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனான்.