பச்சையம்மாவின் எட்டுப் பங்கு வானம்

பச்சையம்மாவைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐரீன், வடசென்னையில் கல்மண்டபம். இயற்பியலில் பட்டம் வாங்கியவள், இருபது வருடம் பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அவள் சடையங்குப்பம், எட்டாவது வரை படிப்பு. விடியும் முன் காசிமேட்டில் நெத்திலி வாங்கி, ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய்த் தன் மொட்டை மாடியில் காயவைத்து, கருவாடாக்கி விற்பவள். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தோம். வானத்தைப் பார்க்கும் வேலை.

ஒரு பல்கலைக்கழகக் குழு, வானிலையைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்கள் மேகத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்று சோதித்துக்கொண்டிருந்தது. காற்றும் வெயிலும் மாடலுக்கு ஓரளவு பிடிபடுமாம், மேகம்தான் தண்ணி காட்டுமாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதற்கு ஒரே கட்டம், மேகம் இவ்வளவு என்று ஒரே எண். செயற்கைக்கோளோ மேலிருந்து பார்க்கிறது. உயரத்தில் மெல்லிய மேகம் விரிந்திருந்தால் அடியில் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் கீழே இருந்து பார்க்க எங்களைப் போல ஆறு பேர். காலை எட்டரை, பதினொன்றரை, மதியம் இரண்டரை, மாலை ஐந்தரை. மாடியில் நின்று வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு மேகம், தாழ்ந்ததா உயர்ந்ததா என்று எழுத வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, ஆறு பேரில் ஒருவர் மாடியில் மேகத்தின் உயரத்தை அளக்கிற கருவியை வைப்பார்கள். அடுத்த இரண்டு வருடம் அந்த வேலை அவருக்கே. மற்ற ஐந்து பேருக்கும் கும்பிடு. அந்தக் கருவி என் மாடிக்குத்தான் வரும் என்று நான் முதல் நாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்துவிட்டேன்.

குழுவின் பொறுப்பாளர் டாக்டர் ரேகா. முப்பது வயதுகூட இருக்காது. முதல் வகுப்பில் ஒன்றை இரண்டு தரம் சொன்னாள். "எழுதி முடிக்கிற வரைக்கும் போன்ல வானிலையைப் பார்க்காதீங்க. மாடல் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் உங்க கண்ணு உங்க கண்ணா இருக்காது."

அடுத்த கூட்டத்திலேயே பச்சையம்மா எழுந்துகொண்டாள். துண்டு துண்டாக மேகம் சிதறிக் கிடந்தால் எத்தனை பங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என யாரோ கேட்டார்கள். நான் பரப்பளவு, கோணம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "பாய்ல நெத்திலி செதறி கெடக்கும்ல மேடம். அதுங்கள எல்லாம் மனசாலயே ஒரு மூலைக்குத் தள்ளிட்டா, பாயி எம்மாம் காலியா கீதுன்னு தெரிஞ்சிடும். மேகத்தையும் நான் அப்டிதான் தள்ளுறேன்."

ரேகா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். புத்தகத்திலும் இதே முறைதான் இருக்கிறது என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது. போதாக்குறைக்கு, எண்ணூர் பவர் ஹவுஸ் புகையையும் தாழ்ந்த மேகத்தையும் அவள் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறாளாம், மற்றவர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வெள்ளத்தில் வீடு இரண்டு தரம் மூழ்கிய பிறகு, ஏறி உட்கார ஓர் இடம் வேண்டுமென்று அவளும் புருஷன் மாரியப்பனும் எழுப்பிய மாடி அது. பதினைந்து வருடமாக அதில் மீனைக் காயப்போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மழை வருவதற்குள் தார்ப்பாயை இழுத்து மூடாவிட்டால் அன்றைய மீன் நாறிப்போகும். அப்படிப்பட்டவளுக்குக் கண் கூர்மையாக இல்லாமல் என்ன செய்யும் என்று இப்போது நியாயமாகச் சொல்கிறேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தக் கருவாட்டுக்காரி என் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்பதுதான்.

மறுநாளிலிருந்து எனக்கு என் கண்ணில் நம்பிக்கை போனது. மூன்று பங்கா நான்கா என்று மாடியில் தடுமாறி நிற்பேன். ஒருநாள் போனைத் திறந்து மாடல் போட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். நான்கு. நான்கு என்று எழுதினேன். அப்புறம் போனைப் பார்த்துவிட்டு மாடி ஏறினேன். அதற்கும் அப்புறம், முட்டிவலி என்று சாக்குச் சொல்லி மாடி ஏறுவதையே பாதி நாள் விட்டுவிட்டேன்.

மாதா மாதம் ரேகா ஒரு தாள் அனுப்புவாள். ஒவ்வொருவர் எழுதியதும் மாடல் சொன்னதும் நூற்றுக்கு எத்தனை தரம் ஒத்துப்போனது என்று அதில் இருக்கும். எனக்குத் தொண்ணூற்று நான்கு, பச்சையம்மாவுக்கு அறுபத்தொன்று. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் இரக்கமாகக்கூடப் பேசினேன். மதிப்பெண் தாளைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத புத்தி, அதையும் மதிப்பெண் என்றே எடுத்துக்கொண்டது.

ஜனவரியில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் கடைசிக் கூட்டம். கருவி சடையங்குப்பத்துக்கு என்று ரேகா அறிவித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"எனக்குத் தொண்ணூத்தி நாலு. அவங்களுக்கு அறுபத்தொண்ணு. எந்த நியாயத்துல அவங்களுக்குக் குடுக்கறீங்க?"

ரேகா மெதுவாகச் சொன்னாள். "அக்கா, பரீட்சை உங்களுக்கு இல்ல, மாடலுக்கு. அது எங்க தப்பு பண்ணுதுன்னு தெரியத்தான் உங்க கண்ணு வேணும். பச்சையம்மா எழுதினதை வெச்சுதான், மதியத்துல இது தாழ்ந்த மேகத்தைத் தவறவிடுதுன்னு கண்டுபிடிச்சோம்." பிறகு ஒரு தாளை நகர்த்தினாள். "அக்டோபர் இருபத்தி ரெண்டு, மதியம் ரெண்டரை. மத்த அஞ்சு பேரும் ஒரு பங்குன்னு எழுதியிருக்காங்க. மாடல் எட்டுன்னு சொல்லுது. நீங்களும் எட்டு."

அப்போது பச்சையம்மா வாயைத் திறந்தாள். "அக்கா வீட்டாண்ட மட்டும் மேகம் இருந்திருக்கும் மேடம். கடலாண்ட திடீர்னு கூடிக்கும், கலைஞ்சிக்கும். அக்கா படிச்சவங்க, தப்பா எழுத மாட்டாங்க."

எட்டுப் பங்கு மேகம் என் வீட்டுக்கு மேலே மட்டும் வந்து நிற்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. எனக்காகச் சொன்ன பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு. அதற்கும்கூட அந்த நிமிஷத்தில் நான் பொறாமைப்பட்டேன்.

"மேகம் இல்ல பச்சையம்மா," என்றேன். "நான் அன்னிக்கு மாடிக்கே போகல. போனைப் பார்த்து எழுதினேன்."

ரேகா திட்டவில்லை. எந்த நாளிலிருந்து என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். லேப்டாப்பில் என் பெயருக்கு நேராக அந்த நாள் முதல் இருந்த எல்லா எண்களையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து நீக்கினாள். மேலே பதினொரு நாள் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பதினொரு நாளைப் பச்சையம்மாவின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மொத்தம் நாற்பத்து நான்கு தரம் பார்த்திருந்தோம். நாற்பத்தொரு தரம் அவள் எழுதியதும் நான் எழுதியதும் ஒன்று. மாடலோடு இரண்டு பேருமே பாதித் தரம்கூட ஒத்துப்போகவில்லை.

"பாருக்கா," என்றாள் பச்சையம்மா, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "நீயும் என்ன மாரியே பாத்துகினு இருந்துகீற."