குதிரைக்கு இரத்தம் தேடிய நாள்

எழுபதுகளில் நான் ஊர்காவற்றுறையில் அரசாங்க மிருக வைத்தியனாக இருந்தேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஊசி போடவே பொழுது போய்விடும். நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவை யாருக்கும் சொந்தமில்லாதவை. வைத்தியரைக் கூப்பிட அவற்றுக்கு ஆளில்லை. குதிரை வைத்தியம் என்பது எனக்குப் பரீட்சைக்குப் படித்து மறந்த சங்கதி. அந்த மட்டில் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் காலை ஆள் வந்து சொன்னது: நெடுந்தீவில் வீட்டில் வளர்க்கும் பெட்டைக் குதிரையொன்று கல்வேலி பாய்ந்து காயப்பட்டுவிட்டதாம், இரத்தம் நிற்கவில்லையாம், உடனே வரட்டாம். உடனே! குறிகட்டுவானுக்கு பஸ் பிடித்து, லோஞ்சுப் படகுக்குக் காத்துக் கிடந்து, கடலைக் கிளப்பும் சோழகக் காற்றில் குடலைக் கக்கிக்கொண்டு நான் போய் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

சொந்தக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கோடையில் வீட்டுக் கிணறுகள் உவர்த்துப்போனால், தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து அந்தக் குதிரையில் தண்ணீர் ஏற்றி வீடு வீடாகக் கொடுப்பவர். தாய் செத்துப்போன குட்டியை வெளியில் கண்டெடுத்து, அவரும் மனைவியும் ஆட்டுப்பால் பருக்கி வளர்த்திருக்கிறார்கள். வேறு பிள்ளை அந்த வீட்டில் இல்லை. வேலிக்கு அப்பால் தெரிந்த கொஞ்சம் பச்சையைக் கண்டு பாய்ந்ததில் வேலிக்கு அடுக்கிய பவள முருகைக்கல் சரிந்து, முன்னங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. நான் போனபோது மனைவி தன் சேலையைச் சுருட்டிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அப்படியே நிற்கிறாராம்.

நாளத்தைக் கட்டினேன், தைத்தேன், இரத்தம் நின்றது. சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நான் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்லைச் சுற்றிய முரசுத் தசை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் நிறம் திரும்பி வரவே மனமில்லாமல் வந்தது. காது குளிர்ந்திருந்தது, இதயம் ஓடு ஓடென்று ஓடியது.

கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து கலந்து, கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தேன். குதிரையின் இரத்தம் சீக்கிரம் தெளியும்; மேலே மஞ்சள் நீர், கீழே சிவப்பு. சிவப்பு எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவுதான் உயிர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றிலொரு பங்குக்கு நின்றது. நல்ல குதிரைக்கு இருக்கவேண்டிய அளவு. சொந்தக்காரர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபத்து வந்தால் குதிரையின் மண்ணீரல் தான் சேர்த்து வைத்த சிவப்பையெல்லாம் பிழிந்து விட்டுவிடும். முதல் நாள் குழாய் பொய் சொல்லும். இதைச் சொன்னேன். ஓம் ஐயா, ஓம் ஐயா என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை.

கையிலிருந்த சேலைன் போத்தல்களை எல்லாம் ஏற்றினேன். விடிந்ததும் மறுபடி குழாயில் எடுத்தபோது, சிவப்பு அடியில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. டொக்டர் உப்புத் தண்ணியை ஏற்றி இரத்தத்தைக் கரைத்துப்போட்டார் என்று பின்னால் ஒரு குரல். திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு என்ன? இருந்த கொஞ்ச இரத்தமும் நீர்த்துப்போய்த்தான் இருந்தது. நாளம் வற்றிவிடாமல் காக்கத்தான் தண்ணீர். இரத்தத்தின் வேலையை அது செய்யாது.

இன்னொரு குதிரையின் இரத்தத்தை ஏற்றினால் பிழைக்கலாம் என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் தொழிலுக்குப் போகாத மீன்பிடிகாரர் வலையோடு வந்தார்கள். வெளி முழுக்கக் குதிரைதானே, இரத்தத்துக்கா பஞ்சம் என்று எனக்கும் தெம்பு வந்துவிட்டது. வற்றாமல் மிஞ்சியிருந்த ஒரே கேணிக்கு அவை வரும் வழியில், இரண்டு கல்வேலிக்கு நடுவில் வலையைப் பிடித்து ஒரு கடுவன் குதிரையை மடக்கி விழுத்தினார்கள். ஐந்தாறு பேர் மேலே ஏறி அமுக்க, நான் உதட்டைத் தூக்கினேன்.

முரசு வெள்ளை.

இன்னொன்றைப் பிடித்தார்கள். அதுவும் வெள்ளை. மூன்றாவதன் காதுக்குள் உண்ணி குவிந்திருந்தது, விலா எலும்பை எண்ணலாம். மழை இல்லை, புல் இல்லை. குடலில் புழு, தோலில் உண்ணி. கூட்டம் கூட்டமாக ஓடியதெல்லாம் அரை உயிரோடு ஓடியவைதான். அவற்றில் ஒரு போத்தல் எடுத்தால் அதுவும் விழும்; எடுத்த இரத்தமும் பாதி தண்ணீராகத்தான் இருக்கும். விட்டுவிடச் சொன்னேன். வலையைச் சுருட்டிய ஒருவர், "இவ்வளவு குதிரை ஓடுது, ஒண்டிலையும் இரத்தமில்லை எண்டுறியளோ?" என்று கேட்டார். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. கடவுளே, எனக்கு மட்டும் இருக்கிறதா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்தபோது குதிரை படுத்துவிட்டது. மனைவி அதன் தலையை மடியில் வைத்திருந்தார். சொந்தக்காரரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் குளித்து, தலை வாரி, பூசைக்குப் போடும் வெள்ளை முழுக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுக்கும் கோடையில் குளியலா? செத்த வீட்டுக்கு இப்பவே உடுத்திவிட்டாரா என்று எனக்குக் கோபமே வந்தது.

அவர் எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, இடது கைப் பொத்தானைக் கழற்றி, சேட்டுக் கையைத் தோள் வரைக்கும் மடித்தார்.

"என்ரையை எடுங்கோ ஐயா. பிள்ளை செத்துப் பிறந்த நேரம் இவவுக்கு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலை குடுத்தனான். குளிச்சிட்டு வரச் சொன்னவை. நல்ல இரத்தமெண்டு டொக்டர் சொன்னவர். இவ எழும்பினவதானே."

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் உயிரோடு இருப்பதே அதற்குச் சாட்சி. மனிதனின் இரத்தத்தைக் குதிரையின் உடம்பு ஏற்காது, ஏற்றினால் அந்தக் கணமே கொல்லும் என்று நான் விளக்கியிருக்கலாம். படித்ததெல்லாம் எனக்குத் தெரியும். வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"ஏலாது, அண்ணை."

"பாதி எண்டாலும்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் கையை மடக்கவில்லை, சேட்டையும் இறக்கவில்லை. வெயில் உச்சிக்கு வரும் முன்னர் குதிரை ஒரு முறை காலை நீட்டி அடங்கிவிட்டது.

பின்னேர லோஞ்சுக்காக நான் புறப்பட்டபோது அவர் பின்வளவில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முருகைக்கல் நிலம், மண்வெட்டி இறங்கவில்லை. வலது கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டபடி. இடது கை தோள் வரை மடித்தபடி.