எஃப்பிலிருந்து சி வரை

1

பஷீர் பாய் எஃப் ஸ்கேலை விட்டு இறங்கியது செப்டம்பர் முதல் ஞாயிறு. நோட்டில் இருக்கிறது. கிதார் வாசிக்க வந்த நாள்முதல் ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, பாட்டு, எந்தச் சுருதியில் வாசித்தோம் என்கிற ஸ்கேல், மூன்றையும் எழுதி வருகிறேன்.

பாய் வளைகுடா ஹோட்டல் ஒன்றில் பல வருடம் ஜாஸ் சாக்ஸஃபோன் வாசித்துவிட்டு மரக்காணம் திரும்பியவர். கடைத்தெருவில் அவருக்கு மளிகைக் கடை. மாடியில் எங்கள் ஒத்திகை. அவர் கொண்டுவந்த போஸா நோவா எனக்கும் பிடித்துப்போயிற்று. பிரேசில்காரர்களின் இசை. ட்ரம்ஸ் தேவையில்லை, கிதார் தாளத்தைத் தள்ளித் தள்ளிப் போட, சாக்ஸ் காதோடு பேசுவதுபோல் மேலே வரும். இருவரும் சேர்ந்து ஒரு மெட்டுக் கட்டினோம். உப்பளத்தைப் பார்த்தபடி கட்டியதால் 'பாத்தி' என்று பெயர். ஞாயிறு மதியங்களில் ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் வாசிப்போம்.

2

"ஏம்பா, 'பாத்தி'ய ஈ ஃப்ளாட்ல எடு," என்றார் அன்று.

"ஈ ஃப்ளாட்டா? என் விரல் ஒடிஞ்சிடும் பாய்."

"முதல்ல கம்பிய மாத்து. உப்புக் காத்துல உன் கம்பிதான் துருப்புடிக்குது. என் வாய்க்கு என்ன?"

சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டார். அது நோட்டில் இல்லை.

நவம்பரில் இன்னும் கீழே, டி. ஜனவரியில் அதற்கும் கீழே, சி. சாக்ஸ் பேசுவதை விட்டு முணுமுணுக்கத் தொடங்கியது. மூன்று பதிவுகளுக்கும் எதிரே 'பாய் சோம்பல்' என்று எழுதினேன்.

ரிசார்ட் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கஸ்டமருங்க சாப்புட்டுட்டே தூங்குறாங்க சார். கொஞ்சம் தூக்கி வாசிங்க."

'பாத்தி'யில் கிதார்தான் முதலில் எடுக்கும். எடுத்த ஸ்கேலில் சாக்ஸ் வந்தாக வேண்டும். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, பாயிடம் கேட்காமல் எஃப்பில் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பியைப் பார்த்தேன். வந்தார், பல மாதம் கழித்து முழுக் குரலில். மேல் சுரத்தில் ஒரு கீச்சல். பிறகு வெறும் காற்று. கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாதியில் முடித்தேன். கைதட்டினார்கள்.

சமையலறைப் பின்புறம் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

"முன்பல்லுப்பா. ஒரு வருஷமா ஆடிட்டிருந்துது. சுகர்."

சாக்ஸின் ஊதும் முனையை, மௌத்பீஸை, மேல் முன்பல்லால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். மேல் சுரத்துக்கு இன்னும் இறுக்க வேண்டும்.

"சொல்லியிருக்கலாமே பாய்."

"சொன்னா எனக்காக மெதுவா வாசிப்பே. அது வேணாம்னுதான்." கைக்குட்டையை மடித்தார். "இன்னிக்கு நல்லாத்தான் இருந்துது. பாதி வரைக்கும்."

3

பல்செட் கட்டி மூன்று வாரம் முயன்றார். "சோடா பாட்டில் தொறக்குற சத்தந்தான் வருது," என்று பெட்டியை மூடி அலமாரி மேல் ஏற்றிவிட்டார்.

போன மாதம் கிதாரோடு கடைக்குப் போனேன். "வாசி," என்றார். சியில் எடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாக்ஸ் நுழைய வேண்டிய இடம் வந்ததும், கடைக்குச் சாமான் வாங்க யாரும் வராதபோதே எழுந்து தராசைத் துடைக்கப் போனார்.

'பாய் சோம்பல்' மூன்றையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன். எஃப், ஈ ஃப்ளாட், டி, சி. எல்லாம் என் கையெழுத்தில் வரிசையாகத்தான் இருந்தன. எழுதியவன் ஒருநாளும் படிக்கவில்லை. ஜோடியாக வாசிக்க வருபவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கூட வாசிப்பவர் ஸ்கேலை இறக்கினால், காரணத்தை நீங்களாக எழுதிக்கொள்ளாதீர்கள். கேளுங்கள்.