நடுக்கூடத்து நாலு டைல்ஸ்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கிணற்றுப் பாசனக் காட்டுக்கு நடுவில் சௌந்திரத்தின் வீடு. கணவர் செங்கோடன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால், திரும்ப எட்டு மாதம் ஆகும். அந்தச் சம்பாத்தியத்தில் 1983இல் புது வீடு கட்டி, நடுக்கூடத்துக்குச் சேலத்திலிருந்து பீங்கான் டைல்ஸ் வாங்கிப் பதித்தார்கள். மற்றவர்கள் மொசைக் போட்டுக்கொண்டிருந்த காலம். பார்க்க வந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

இரண்டாம் வருடம் வீட்டுக்கு மின்சார கிரைண்டர் வந்தது. பழைய ஆட்டாங்கல்லைக் கொல்லைக்கு மாற்றலாம் என்று சௌந்திரம் குழவியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு. குழவி நழுவி விழுந்து மூன்று டைல்ஸ் வெடித்தன.

மாமியார் கந்தம்மாள் ஓடி வந்தார். "காலு தப்பிச்சுதா அம்மிணி?"

கால் தப்பியிருந்தது. ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொத்தனார் அங்கமுத்து வந்து, உடைந்த டைல்ஸ் கல்லின் ஓரத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். அது பெயரவில்லை, நன்றாயிருந்த பக்கத்துக் கல்லில் விரிசல் ஓடியது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒண்ணைத் தொட்டா அடுத்ததும் போவுதுங்க. மொத்தமாப் பேத்துப்போட்டுச் சிமிட்டித் தரையாப் பண்ணிக்கோணுமுங்க."

"அவருக்கு எழுதிக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று அனுப்பிவிட்டாள். எழுதவில்லை.

இரண்டு நாள் வேலை ஒழிந்த நேரமெல்லாம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெள்ளைச் சிமெண்டு இறுகியிருந்தது. உளியின் அதிர்வு அதன் வழியாகத்தான் பக்கத்துக் கல்லுக்குப் பாய்கிறது என்று பட்டது. இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடின் உடைந்த துண்டில் துணியைச் சுற்றிப் பிடித்து, அந்தச் சிமெண்டை முதலில் சுரண்டி எடுத்தாள். பிறகு கல்லின் நடுவில் மெல்லத் தட்டி, ஓரத்தை நோக்கிச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். பக்கத்துக் கல் அசையவில்லை.

கந்தம்மாளுக்குத்தான் பிடிக்கவில்லை. "கொத்து வேலையெல்லாம் நம்மூட்டுப் பொம்பளைக செய்யறதா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"கதவைச் சாத்திட்டுத்தானுங்க அத்தை செய்யறேன்."

நாலு கல் வேண்டும். சேலத்துக் கடையில் அந்த டிசைன் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கூடத்து மூலையில் நிற்கும் இரும்பு பீரோவின் நினைவு வந்தது. அதன் அடியில் இருக்கும் கல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? பீரோவைக் காலி செய்து தள்ளினாள், நகரவில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கந்தம்மாளும் வந்து தோள் கொடுத்தார்.

முழுசாக எடுப்பது லேசாக இல்லை. முதல் இரண்டும் உடைந்துபோயின. பிறகு விரலால் சுண்டிப் பார்த்து, அடியில் சிமெண்டு சரியாகப் பிடிக்காமல் பொள்ளலாகச் சத்தம் கேட்ட கற்களாகத் தேடி எடுத்தாள். நாலு தேறியது. தண்ணீரில் ஊறவைத்து, சிமெண்டு குழைத்துப் பதித்து, மேலே கட்டிலைக் குறுக்கே போட்டு இரண்டு நாள் யாரையும் மிதிக்கவிடவில்லை. பீரோவுக்கு அடியில் வெறும் சிமெண்டைப் பூசிவிட்டாள்.

ஆடியில் ஊர் திரும்பிய செங்கோடனின் கால்விரல் ஒரு கல்லில் தட்டியது. குழவி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவர் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் ஒசந்து நிக்குது. திரும்பப் பேத்து வெய்யி, எப்படின்னு நானும் பாக்கறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை மட்டம் சரியாக அமைந்தது.

சேதி அங்கமுத்துவுக்கு எட்டியது. அவரே வந்து விசாரித்தார். பிளேடு பிடித்த விதத்தையும் செய்துகாட்டச் சொன்னார். அடுத்த தை மாதம் ஆட்டையாம்பட்டியில் ஒரு வீட்டில் உடைந்த கல்லை மாற்றித்தர வரமுடியுமா என்று ஆள் விட்டார். சௌந்திரம் மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"தனியாப் போகவேண்டாம், நானும் வாரேன்" என்றார் கந்தம்மாள்.

1989க்குள் பதினோரு வீட்டில் சௌந்திரம் கல் மாற்றிக் கொடுத்திருந்தாள். கந்தம்மாள் எல்லா வீட்டுக்கும் கூடவே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரண்டு நாளைக்கு ஆரும் மிதிக்கப்படாது" என்று வீட்டுக்காரர்களை அதட்டிவிட்டு வந்தார்.