சரளாவின் மல்லாட்டை மிட்டாய்

இந்தத் திருவாதிரையன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் நடராஜரைப் பார்க்கிற அவசரம். எனக்கு மட்டும் வேறு வேலை — என் ஓரகத்தி சரளாவின் அடுப்பைப் பார்க்க வேண்டும்.

விஷயம் தீபாவளியில் ஆரம்பித்தது. சரளா என் கொழுந்தனாரின் மனைவி. சிதம்பரத்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். தீபாவளிக்கு எல்லாரும் அங்கேதான் கூடுவோம். அந்த மாதம் ரேஷனில் சர்க்கரை கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்ததால், நான் கடையிலேயே ஸ்வீட் பாக்கெட் வாங்கிப் போனேன். விலையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும்.

சரளா என்ன செய்திருந்தாள்? மல்லாட்டை மிட்டாய். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. வில்லை போட்டு, கலர் காகிதத்தில் சுற்றி, ஜிகினா நூலால் கட்டி வைத்திருந்தாள். அக்கம்பக்கம், பால்காரம்மா, தபால்காரர் — வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பொட்டலம்.

மாமியார் என் பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டு மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரோ இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தபடி, "கைமணம்னா இதுதான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து சமைத்துப் போடுகிறேன்... அந்த வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. பொறாமையா என்கிறீர்களா? பொறாமையேதான்.

"எப்படி செஞ்ச சரளா?" — சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ரொம்ப சுலபம்க்கா. வெல்லப் பாகு காய்ச்சணும். தண்ணியில ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டுல போட்டா டங்குன்னு கேக்கணும். அப்ப வறுத்த மல்லாட்டையக் கொட்டிக் கிளறிப் பரப்பிட வேண்டியதுதான்."

இரண்டே சாமானா? அதற்கா இத்தனை புகழ்? எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கார்த்திகையில் நானே செய்து பார்த்தேன். அவள் மறைத்தது பாலாக இருக்கும் என்று ஒரு டம்ளர் பால் விட்டேன். நெய்யும் விட்டேன். அவளை மிஞ்ச வேண்டாமா? பண்ருட்டி முந்திரியும் போட்டேன்.

இறுகவே இல்லை. தட்டைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டது. "இத ஸ்பூன்ல சாப்பிடணுமாம்மா?" என்றாள் மகள். வீட்டுக்காரர் தட்டை ஒதுக்கிவிட்டு மோர் சாதத்துக்குப் போய்விட்டார். அதுதான் இன்னும் வலித்தது. எல்லாம் சரளாவால் வந்தது.

ஆகவேதான் சிதம்பரம். "என் கண்ணெதிர்ல ஒருவாட்டி செஞ்சு காட்டு" என்றேன். திருவாதிரைக் களியை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் வாணலியை வைத்தாள். அவள் கையையே பார்த்தேன். வெல்லம். பாகு. டங். மல்லாட்டை. வேறு எதுவுமே இல்லை.

"நீங்க என்னக்கா போட்டீங்க?"

"பால்..."

"பால் விட்டா எப்படிக்கா இறுகும்?" அவள் சிரிக்கவில்லை. கிளறியபடியே சொன்னாள்: "இந்த வூட்டுல பாலு காபிக்கே பத்தல. கடையில வாங்கி நாலு பேருக்குக் குடுக்க எங்களால முடியாது. அதான் மிட்டாய். உங்க பாக்கெட்டு பக்கத்துல வைக்கவே கூச்சமா இருந்துச்சு... கலர் பேப்பர் சுத்துனேன்."

அவள் பரப்பி முடித்ததும், பாகு ஒட்டிய கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைத்தேன்.

பொங்கலுக்குச் சரளா சொன்னபடியே செய்தேன். டங்! கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கப் பொட்டலம் போயிற்று. தெருவே பாராட்டியது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் பாராட்டு.

அவர் ஒரு வில்லையைக் கடித்தார். நிதானமாக மென்றார். நான் காத்திருந்தேன்.

"அப்படியே சரளா செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானது தற்செயல்தான் — நம்புங்கள்.