பெஸ்பேதீகா ஸெல்மா

கூர்ஸெமே கடலோரத்தில் மீனைப் புகையில் வாட்டி விற்கிற ஸெல்மாவுக்கு ஊர் வைத்த பெயர் பெஸ்பேதீகா. அந்த ஊர்ப் பேச்சில் 'பெஸ்' என்றால் இல்லாமல், 'பேதா' என்றால் துக்கம். இரண்டையும் ஒட்டினால் கவலையே இல்லாமல் குஷியாகத் திரிகிறவள். நல்ல வார்த்தைதான். அவள் நாத்தனார் தெக்லா சொன்னால் மட்டும் காறித் துப்புவதுபோல் கேட்கும்.

எல்லாம் ஸெல்மாவின் புருஷன் ஷானிஸை அடக்கம் செய்த நாளில் வந்த வினை. பெட்டி தூக்கியவர்களில் ஒருவரின் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ள, மனுஷன் ஒற்றைக் காலில் பூட்ஸ் இல்லாமலே நடந்தார். ஸெல்மா சிரித்துவிட்டாள். கல்லறை மணலைப் பல் வைத்த வாரியால் கோடு கோடாக வாரிவைப்பது அந்த ஊர் வழக்கம்; அன்றிலிருந்து தம்பியின் மணலைத் தெக்லாதான் வாரிவிடுகிறாள். ஸெல்மாவை அண்டவிடுவதில்லை. ஸெல்மாவுக்கோ, அவன் மேல் கிடக்கிற மணலை ஒரு தடவையாவது தன் கையால் வாரவேண்டும்.

கல்லறைத் திருநாளன்று காலையில் சொந்த வாரியோடு வந்து நின்றாள்.

"எங்கடி வர்ற?"

"கொஞ்சம் நானும் வாரறேன் அண்ணி."

"துக்கமே இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை? போய் உன் மீனோட சிரி."

"துக்கம் வீட்ல இருக்கு அண்ணி. கடைக்குக் கூட்டிட்டு வந்தா மீன் விக்காது."

"வாயப் பாரு. கால உள்ள வச்ச, ஒடச்சிருவேன்."

கல்லருகே தொடங்கி, பின்பக்கமாக நடந்து வாரிக்கொண்டே வேலியின் ஒரே வாசலுக்கு வரவேண்டும். அதுதான் முறை. வாரிய மணலில் காலடி ஒன்று விழுந்தாலும் குளிர்காலம் முழுக்க ஊருக்கு அதுதான் பேச்சு. தெக்லாவோ ஸெல்மாவை முறைத்துக்கொண்டே வாசலிலிருந்து வார ஆரம்பித்தாள். முதுகு கல்லில் இடித்துத் தடுமாறியதில் வாரியின் பிடி முறிந்தது; அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. பின்னால் கல், அதையொட்டி ஆளுயர வேலி. முன்னால் கோடு கோடாக வாரிய மணல். மணி வேறு அடித்தது. பாதிரியாரும் ஊரும் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சிரிச்ச, கொன்னுடுவேன்."

"சிரிக்கல அண்ணி." கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க நடந்து வெளிய போங்க. நான் உள்ள வந்து எல்லாத் தடத்தையும் வாரி விட்டுர்றேன்."

தெக்லா வேலியைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். பிறகு மணலை மிதித்து வெளியே வந்தாள். "கோடு கோணினா பாரு."

ஸெல்மா கல்லருகே போய்ப் பின்பக்கமாக நடந்து வாரினாள். ஷானிஸின் மேல் வந்ததும் வாரி மெதுவானது.

"சீக்கிரம்டி, வந்துட்டாங்க."

ஸெல்மாவுக்குக் காது கேட்கவில்லை. கோடும் நேராக வரவில்லை.