உப்பு எவ்வளவு?

உப்புக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் கிண்ணத்தோடு வந்து, "அரைக் கிலோ கல்லுப்பு கிடைக்குமா?" என்று கேட்டேவிட்டாள். "நான் விக்கிறவன் இல்லம்மா, அளக்கிறவன்," என்றார் இவர். அதற்குப் பிறகு அந்த அம்மாள் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அவர் அளப்பது வேறு உப்பு. வருடம் முழுக்கக் குளிரடிக்கிற அந்த ஊரில், குளிர்கோட்டும் உள்ளே நுழைந்து படுக்கிற தூக்கப்பையும் தைக்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகச் சோதனை அறையில் இருக்கிறார். வாத்தின் மார்பில், இறகுகளுக்கு அடியில், தண்டே இல்லாமல் பஞ்சுப்பூப் போல ஒன்று இருக்கும். அதுதான் தூவி. அதில் முப்பது கிராமைக் கண்ணாடி உருளைக்குள் போட்டு, மேலே கனமே இல்லாத ஒரு தட்டை வைத்து, எவ்வளவு உயரம் உப்பி நிற்கிறது என்று பார்ப்பார். அந்தக் கணக்குக்கு அங்கே உப்பு என்று பெயர். எண்ணூறு என்றால் ராஜமரியாதை. ஐந்நூறு என்றால் உதட்டைப் பிதுக்குவார். தூவி உப்பினால்தான் உள்ளே காற்று நிற்கும், காற்று நின்றால்தான் சூடு நிற்கும், மற்றதெல்லாம் தையல்காரரின் ஜோடனை என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியை அவர் சோதனை அறையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வீட்டில் தலையணையில் யாரும் சாய்ந்து உட்காரக் கூடாது, அமுங்கிவிடும். அலமாரியில் பாதி இடம் அவருடைய ஒற்றைக் கோட்டுக்கு. எண்ணூற்றைம்பது உப்புள்ள தூவியை அடைத்து அவரே தைத்துக்கொண்ட கோட்டு அது. மடிக்கக் கூடாது, நெருக்கக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. மனைவியின் துணிமணியெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன. பேருந்தில் முன்சீட்டுக்காரரின் கோட்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அடி வாங்காமல் தப்பியது இரண்டு தடவை. அதெல்லாம் போகட்டும். மனைவியின் தங்கை கணவர் ஆசை ஆசையாய் வாங்கிவந்த தூக்கப்பையை நாலு பேர் நடுவில் பிரித்து, "இது வாத்தே இல்ல, கோழி," என்று தீர்ப்புச் சொன்னாரே, அதிலிருந்து அந்தக் குடும்பம் நான்கு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை.

ஆகவே, தான் கட்டிக்கொள்ள நினைக்கிறவனை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருவதாக மகள் சொன்னபோது, வீட்டில் முதலில் பேசப்பட்டது சமையலைப் பற்றி அல்ல.

"என்னங்க, அந்தப் பிள்ளை என்ன போட்டுட்டு வந்தாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது," என்றாள் மனைவி.

"அப்பா, எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. நீங்க கோட்டுக்கு மார்க் போட்டு அவரை விரட்டினீங்கன்னா, அப்புறம் உங்களோட பேசவே மாட்டேன்." சொல்லும்போதே மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மகள். அவருக்குப் பகீரென்றது. வாயைத் திறப்பதில்லை என்று இருவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தார்.

வந்தவன் மீன் உறைய வைக்கும் கிடங்கில் சரக்குவண்டி ஓட்டுகிறவன். மாமனாராகப் போகிறவரின் தொழிலைக் கேள்விப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன்பே பலூன் மாதிரி ஒரு கோட்டு வாங்கியிருந்தான். மார்பில் தங்க எழுத்தில் தொள்ளாயிரம் என்று முத்திரை வேறு. வீட்டுக்குள் வந்தும் அதைக் கழற்றவில்லை. காட்டத்தானே வந்திருக்கிறான்!

அவன் வலது தோள் தையலில் ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. தூவிக்கு ஏது தண்டு? உள்ளே இருப்பது இறகு. உப்புக்காரருக்குக் கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். கிடங்குக்காரன் தன் வேலையைப் பற்றி, அம்மா அப்பாவைப் பற்றி என்னென்னவோ சொன்னான். ஒன்றும் இவர் காதில் ஏறவில்லை. சூப் வந்தது. இரண்டாவது தண்டும் வந்தது.

மனைவி விருந்தாளியிடம் கேட்டாள்: "உப்பு எப்படிப்பா இருக்கு?"

"உப்பா? இதுலயா?" என்று வெடித்தார் உப்புக்காரர். "முந்நூறு தேறினா நான் மீசைய எடுத்துக்கறேன்!"

சூப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மனைவியின் முகம் சிவந்தது. மகளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்ல சார், சூப் நல்லாத்தான் இருக்கு," என்ற கிடங்குக்காரன், அவர் பார்வை போன இடத்தைக் கவனித்து, தோளில் நீட்டியிருந்த தண்டைப் பிடித்து இழுக்கப் போனான்.

"இழுக்காதீங்க!" அவர் மேசைமேலேயே பாய்ந்துவிட்டார். "இழுத்தா ஓட்டை பெருசாகும், பின்னாலயே பத்து வரும்! உள்பக்கமா கிள்ளி உள்ளதான் இழுக்கணும்!" சூப் கிண்ணம் கவிழ்ந்தது. சத்தியமும் அதோடு போயிற்று.

மகள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது. "மன்னிச்சுக்கங்க தம்பி, கோட்டு நல்லா..." என்று ஆரம்பித்தார். அந்தப் பொய்யைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை.

கிடங்குக்காரன் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "சார், ஒண்ணு கேக்கவா? இதைப் போட்டுட்டுக் கிடங்குல நின்னா பல்லு தந்தியடிக்குது. தொள்ளாயிரம்னு போட்டிருக்கே, அப்ப கோளாறு எனக்குத்தான்னு நெனச்சு ரெண்டு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிட்டேன். கொஞ்சம் பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்."

பிரித்துப் பாருங்கள் என்று இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் தானாகக் கேட்டதில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைத் தட்டி, "அம்மா, அழுதுட்டே அந்த மாவு நிறுக்கிற தராசை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடு," என்றார். கதவு ஒரு சாண் திறந்தது, தராசு வந்தது, கதவு படீரென்று மூடிக்கொண்டது.

தையலைப் பிரித்தார்கள். நறுக்கிய இறகும் தண்டும் கொட்டின. முப்பது கிராமை நிறுத்து உயரமான பூஜாடிக்குள் போட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். அது அடியிலேயே சப்பென்று படுத்துக்கிடந்தது.

"இரநூத்தெம்பது," என்றார் உப்புக்காரர், கண்மட்டமாக.

"அப்பாடா! அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று துள்ளினான் கிடங்குக்காரன். துள்ளிய வேகத்தில் மிச்ச இறகெல்லாம் கிளம்பிப் பறந்தது. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். கதவைத் திறந்து பார்த்த மகளுக்குத் தன் அப்பா எது, தன் ஆள் எது என்று அடையாளம் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"ஈரம் பட்டா உப்பு கொறையுமா சார்?"

"கொறையுமாவா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் அவர். முக்கால் மணி நேரம். அவன் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் கிளம்பும்போது வெளியே பனிக்காற்று. போட்டுக்கொள்ளக் கோட்டு இல்லை. உப்புக்காரர் அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, தன்னுடைய கோட்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். "மடிக்காதீங்க. தொவச்சா, உலத்துற மிஷினுக்குள்ள கூடவே ரெண்டு பந்து போடணும். அப்பதான் தூவி கட்டி தட்டாது."

"சரிங்க மாமா," என்றான் அவன். மகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வழியனுப்பப் போன மகளும் அவனும் தெருமுனை திரும்பும்வரை மனைவி வாசலிலேயே நின்றாள். பிறகு கேட்டாள்: "இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல நானும் நடுங்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாளாவது போட்டுக்கோன்னு சொன்னீங்களா?"

அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். அலமாரியின் காலிப் பாதியில் தன் துணிகளை மடித்து, நெருக்கி, முழங்கையால் அமுக்கி அமுக்கி அடுக்கினாள். கடைசியாக அவருடைய தலையணையையும் மேலே திணித்துக் கதவைச் சாத்தினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.